தொப்புளுக்குள் ஒளியும் தழும்பு

தியேட்டர் கதவைத் திறந்து பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். “பேஷண்ட்டோட வந்தவங்க யாரு?” மாமாவும் நானும் எழுந்து போனோம். அவர் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் பஞ்சு, பஞ்சின்மேல் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கிக் கிடந்த ஒரு பை, பக்கத்தில் கொண்டைக்கடலை அளவில் ஏழெட்டுக் கற்கள். கற்கள் உருண்டையாக இல்லை. நெருக்கியடித்துக் கிடந்து ஒன்றோடொன்று உரசியதில், பட்டை தீட்டியது போல ஒவ்வொன்றுக்கும் முகங்கள் இருந்தன. “இதுவா மூணு மாசமா தூங்கவிடாம ஆட்டி வச்சது?” என்றார் மாமா. அது அத்தையின் பித்தப்பை.

மறுநாள் காலை அத்தை எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். வயிற்றில் நாலு சின்ன பிளாஸ்திரி. பக்கத்துக் கட்டிலில் இருந்த இளம்பெண்ணுக்கும் அதே ஆபரேஷன்தான். ஆனால் அவளுக்குத் தொப்புளில் ஒரே ஒரு பிளாஸ்திரி. “ஏம்ப்பா, அவளுக்கு மட்டும் எப்படி ஒண்ணே ஒண்ணு? எனக்கு ஏன் நாலு?” என்று அத்தை கிசுகிசுத்தார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் படித்தும் தெரிந்த டாக்டர்களைக் கேட்டும் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பையைப் பற்றி. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. கல்லீரலுக்கு அடியில் பேரிக்காய் வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பை அதைச் சேமித்து, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கிறது. கொள்ளளவு 30 முதல் 50 மில்லிதான், அரை டம்ளர் காப்பிகூட வராது. நெய் தோசையோ பிரியாணியோ உள்ளே போனால், கொழுப்பு வந்திருக்கிறது என்று குடலிலிருந்து ஒரு ஹார்மோன் தகவல் கொண்டுவரும். உடனே பை சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்குள் தள்ளும்.

பித்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு மிஞ்சினால், பாகு இறுகிக் கற்கண்டு பூப்பது போல அது படிந்து கல்லாகும். இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் நிறமிப்பொருள் படிந்தால் மிளகு போன்ற கருங்கற்கள் உண்டாகும். வட இந்தியாவில் முதல் வகை அதிகம். நம் பக்கம் நிறமிக் கற்களுக்கும் குறைவில்லை. கல் இருக்கும் எல்லோருக்கும் வலி வந்துவிடாது. பெரும்பாலான கற்கள் சத்தமில்லாமல் கிடக்கும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். அப்படிச் சும்மா கிடக்கும் கல்லுக்குப் பொதுவாக ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். பை சுருங்கும் நேரத்தில் ஒரு கல் போய் வாயை அடைத்துக்கொண்டால்தான் வினை. மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலா ஓரத்திலோ வலி பிடித்து, முதுகுப் பக்கம் வலது தோள்பட்டைக்கு ஏறும். பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, ராத்திரியில். நம் வீடுகளில் இதற்கு முதலில் ‘வாயு’ என்றுதான் பெயர். ஓமத் தண்ணீர், சோடா, ஜெலுசில் எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்கேன். அத்தைக்கும் அப்படித்தான் மூன்று மாதம் போனது.

கல்லை மட்டும் எடுத்துவிட்டு, அல்லது கரைத்துவிட்டு, பையை விட்டுவைக்கக் கூடாதா? எல்லோரும் கேட்கிற கேள்விதான், நியாயமானதும்கூட. கரைக்க மாத்திரை இருக்கிறது. சிறிய கொலஸ்ட்ரால் கற்களில் மட்டும், மாதக்கணக்கில் சாப்பிட்டால் கொஞ்சம் கேட்கும். நிறுத்தியபின் கல் மறுபடி வருவதும் சகஜம். வாழைத்தண்டுச் சாறு இதற்கு உதவாது. சிறுநீரகக் கல்லுக்கு என்று அதைக் குடித்துப் பழகியவர்கள் பித்தப்பைக் கல்லையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள், ஆனால் இரண்டும் வேறு வேறு உறுப்பு, வேறு வேறு குழாய். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மறுநாள் பச்சை நிறக் கற்கள் மலத்தில் வந்து விழும் என்று ஒரு வைத்தியம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. விழுவது உண்மை, ஆனால் விழுவது பித்தப்பைக் கல் இல்லை. நியூசிலாந்து மருத்துவர்கள் அப்படி ஒரு நோயாளி கொண்டுவந்த ‘கற்களை’ச் சோதித்து 2005இல் எழுதினார்கள். குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து உண்டான சோப்புக் கட்டிகள் அவை.

பையையே எடுத்துவிடலாம் என்ற துணிச்சல் முதலில் வந்தது பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற அறுவை மருத்துவருக்கு. 1882 ஜூலை 15 அன்று 43 வயது நோயாளி ஒருவரின் பித்தப்பையை முழுதாக அகற்றினார். அந்தக் காலத்து மற்ற மருத்துவர்கள் பையைத் திறந்து கல்லை எடுத்துவிட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். லாங்கன்புக்கின் வாதம் எளிமையானது: பையில் கல் இருப்பதற்காக அதை எடுக்கவில்லை, அது கல்லை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் என்பதற்காக எடுக்கிறோம். இன்றைக்கும் உங்கள் டாக்டர் சொல்லப்போகும் காரணம் இதேதான். பை போனால் பித்தம் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் சொட்டும், அவ்வளவுதான். சிலருக்குச் சில வாரங்கள் வயிறு இளகிப் போகும். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகச் சரியாகிவிடும்.

லாங்கன்புக்குக்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக, வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாகக் கிழிப்பதுதான் வழி. தோல், கொழுப்பு, தசை என்று அடுக்கடுக்காக வெட்டிப் போக வேண்டும். உள்ளே எடுப்பதோ தட்டில் நான் பார்த்த அந்தச் சின்னப் பை. வீட்டுக்குள் ஒரு குடத்தை எடுக்கச் சுவரை இடிப்பது போல. வலியும் வாரக்கணக்கில் ஓய்வும் பையை எடுத்ததால் வந்தவை அல்ல, சுவரை இடித்ததால் வந்தவை.

சுவரை விட்டுவிட்டுச் சாவித்துவாரம் வழியாகப் போகலாம் என்று செய்து காட்டியவர் ஜெர்மனியின் பெப்லிங்கன் என்ற ஊரில் இருந்த எரிக் மூஹே. நாள் 1985 செப்டம்பர் 12. மறுவருடம் ஜெர்மன் அறுவை மருத்துவர்களின் மாநாட்டில் இதைச் சொன்னபோது கைதட்டல் கிடைக்கவில்லை, கேலிதான் கிடைத்தது. அந்தக் காலத்தில் பெரிய சர்ஜன் என்றால் பெரிதாகக் கிழிப்பவர். 1987இல் பிரான்ஸின் லியோன் நகரில் பிலிப் மூரே செய்ததற்குப் பிறகுதான் உலகம் கவனித்தது. மூஹேயை அவர் நாட்டுச் சங்கம் அழைத்துப் பாராட்டியது 1992இல். இந்தியாவுக்கு இந்த முறை 1990இல் மும்பை டாக்டர் தெஹம்டன் உத்வாடியா மூலம் வந்து சேர்ந்தது.

நம் ஊரில் இதை ‘லேசர் ஆபரேஷன்’ என்று சொல்வார்கள். லேசருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றுக்குள் கேமரா விட்டுச் செய்யும் முறை. அத்தைக்கு நடந்தது இப்படி: முழு மயக்கம் கொடுத்து, தொப்புள் ஓரம் ஒரு சென்டிமீட்டர் துளை. அதன் வழியே கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி வயிற்றைக் கூடாரம் போல உப்ப வைப்பார்கள். இரத்த அழுத்தம் அளக்கிறோமே, அதே கணக்கில் 12 முதல் 15 வரைதான் அழுத்தம். அந்த வாயு தீப்பிடிக்காது, இரத்தத்தில் எளிதாகக் கரைந்து மூச்சில் வெளியேறிவிடும். தொப்புள் துளையில் கேமரா. நெஞ்சுக்குழிக்குக் கீழே இன்னொரு துளை, வலப்பக்கம் அரை சென்டிமீட்டரில் இரண்டு. ஒரு இடுக்கி பையின் நுனியைப் பிடித்துக் கல்லீரலோடு சேர்த்து மேலே தள்ளும். இன்னொன்று பையின் கழுத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். மூன்றாவது கருவிதான் வேலை செய்யும்.

அந்த வேலையில் உயிர்நாடியான இடம் கட்டைவிரல் நுனி அளவு. பித்தப்பையிலிருந்து வரும் குழாய், கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தநாளம், கல்லீரலின் விளிம்பு, இந்த மூன்றுக்கும் நடுவில் கொழுப்பு மூடிய ஒரு முக்கோணம். அதைப் பொறுமையாகச் சுத்தம் செய்து, பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து கொஞ்சம் பிரித்து, பைக்குள் நுழைவது ஒரு குழாய், ஒரு இரத்தநாளம், இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் உறுதி செய்த பிறகே கிளிப் போட்டு வெட்ட வேண்டும். ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க சர்ஜன் 1995இல் வகுத்துத் தந்த விதி இது. பையின் குழாயும் கல்லீரலின் நாளமும் சேர்ந்து குடலுக்குப் போகும் பொதுவான பித்தநாளத்தையே அவசரத்தில் பையின் குழாய் என்று நினைத்து வெட்டிவிட்டால், நோயாளி வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைய நேரலாம். ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்த நாளத்தில் ஏதாவது காயம் ஏற்படுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த முக்கோணத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். தழும்புக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான் வரும்.

நாலு துளை. சரி, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு எப்படி ஒன்று?

தொப்புள் என்பது நாம் எல்லோரும் பிறந்த ஓரிரு வாரத்திலேயே வாங்கிக்கொண்ட தழும்பு. ஏற்கெனவே குழிந்து, மடிந்து, சுருங்கிக் கிடக்கிறது. அதற்குள்ளேயே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கீறி, கேமரா, இடுக்கி, வெட்டும் கருவி எல்லாவற்றையும் அதே வாசல் வழியாக அனுப்பினால், ஆறிய பிறகு புதுத் தழும்பு பழைய தழும்பின் மடிப்புக்குள் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ‘தழும்பில்லா ஆபரேஷன்’ என்று விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் இதுதான். தழும்பு இருக்கிறது, ஒளிந்திருக்கிறது.

1997இல் இத்தாலியில் ஜூசெப்பே நவார்ரா என்ற சர்ஜனும் அவரது குழுவினரும் இதை முதலில் எழுதினார்கள். பையைத் தூக்கிப் பிடிக்கத் தனித்துளை போடாமல், வயிற்றுச் சுவர் வழியாக ஊசியில் நூலைக் கோத்து உள்ளே விட்டு, பையைப் பொம்மலாட்டப் பாவை போல வெளியிலிருந்து இழுத்துப் பிடித்தார்கள். ஊசி குத்திய இடம் சில நாளில் மறைந்துவிடும். இதற்கென்றே மூன்று ஓட்டை வைத்த பஞ்சு போன்ற அடைப்பான்கள் பிறகு கடைக்கு வந்தன, விலையும் அதற்கேற்ப. எனக்கு மிகவும் பிடித்தது நம்மூர் சர்ஜன்களும் கையாளும் ஒரு சிக்கன வழி. அறுவைக்குப் போடும் சாதாரண ரப்பர் கையுறையின் மணிக்கட்டுப் பக்கத்தைத் தொப்புள் வாயில் வளையத்தோடு மாட்டிவிடுவார்கள். விரல் நுனிகளை வெட்டி, ஒரு விரலில் கேமரா, ஒன்றில் இடுக்கி, ஒன்றில் கத்தரி என்று செருகி நூலால் கட்டிவிடுவார்கள். வாயு ஏறியதும் கையுறை உப்பி, வயிற்றின்மேல் ஒரு கை எழுந்து நிற்பது போல இருக்கும். பல ஆயிரம் ரூபாய் அடைப்பானின் வேலையை இது பார்த்துவிடுகிறது.

இவ்வளவு நல்ல வழி என்றால் எல்லோருக்கும் ஏன் செய்வதில்லை? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். வாய் குறுகிய ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு மாங்கொட்டையைப் போடுங்கள். நீளக் கரண்டிகள் இரண்டை அதே வாய் வழியாக விட்டு, ஒரு கரண்டியால் கொட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் அதன் மேல்தோலை உரித்துப் பாருங்கள். கரண்டிகள் ஒன்றையொன்று இடிக்கும், உங்கள் கைகளும் வெளியே முட்டிக்கொள்ளும். கேமராவும் அதே வாயில் இருப்பதால் கரண்டியின் பின்புறம்தான் தெரியும், நுனி தெரியாது. நாலு துளையில் கருவிகள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரு முக்கோணமாகச் சந்திக்கின்றன. இடக்கையால் பிடித்து வலக்கையால் வெட்டும் இயல்பான அமைப்பு அது. ஒரே துளையில் அது போய்விடுகிறது. வளையும் நுனி கொண்ட கருவிகள், ரோபோ கைகள் எல்லாம் இந்தக் குறையை ஈடுகட்ட வந்தவைதான். கொஞ்சம் ஈடாகிறது, முழுசாக இல்லை.

இப்போது அந்த உயிர்நாடி முக்கோணத்துக்கு வாருங்கள். மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துப் பிரிக்க வேண்டிய இடத்தில், பார்வைக் கோணத்தையும் கையின் சுதந்திரத்தையும் குறைத்துக்கொண்டு நுழைகிறோம். தழும்பு மறைவதற்குக் கொடுக்கும் விலை இதுதான். பை சும்மா இருக்கும் நேரத்தில், ஒல்லியான உடம்பில், பழகிய கை செய்தால் அந்த விலை பெரிதாகத் தெரியாது. பை சீழ்பிடித்து வீங்கி ஒட்டிக் கிடந்தால், ஏற்கெனவே மேல்வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தால், கல் நழுவிப் பித்தநாளத்தில் விழுந்திருந்தால், பெரும்பாலான சர்ஜன்கள் நாலு துளைக்குத்தான் போவார்கள். என் அத்தைக்கு பை தடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு பிளாஸ்திரிக்குக் காரணம் அதுதான்.

இன்னொரு விலையும் உண்டு. தொப்புளில் தசை கிடையாது. தோலும் உள்சவ்வும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும். உள்ளே நுழைவதற்கு அது சுலபமான வாசலாக இருப்பதே அதனால்தான். வயிற்றுச் சுவரில் பலவீனமான இடமாக இருப்பதும் அதனால்தான். கீறல் பெரிதானால் பின்னால் அங்கே குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, வர வாய்ப்பு கூடுகிறது. 200 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே துளை போட்டவர்களில் ஒரு வருடத்துக்குள் ஹெர்னியா வந்தவர்கள் 8.4 சதவீதம், நாலு துளைக்காரர்களில் 1.2 சதவீதம். அதே ஆய்வில் வயிற்றின் தோற்றத்துக்கு ஒரு துளைக்காரர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். வலி மட்டும் அவர்களுக்குக் குறைவாக இல்லை, சற்று அதிகமாகவே இருந்தது. துளை குறைந்தால் வலியும் குறையும் என்று நாம் போடும் கணக்கு இங்கே செல்லவில்லை.

தொப்புள்கூட வேண்டாம், தோலையே தொடாமல் செய்யலாம் என்று கிளம்பியவர்களின் கதை தனி. வாய், மலவாய், யோனி என்று உடம்பில் இயற்கையாகவே வாசல்கள் இருக்கும்போது சுவரை ஏன் துளைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆன்டனி கல்லூவின் குழு, பன்றிகளின் வாய் வழியாகக் கேமராவை விட்டு, இரைப்பையில் துளையிட்டு வயிற்றறையைப் பார்த்ததாக 2004இல் எழுதியது. அதே காலகட்டத்தில் ஹைதராபாத்தில் ஜி.வி. ராவும் நாகேஷ்வர் ரெட்டியும், வயிற்றுத் தோல் தீக்காயத்தில் வெந்துபோன ஒருவருக்கு, வாய் வழியாகப் போய்க் குடல்வாலை எடுத்துக் காட்டினார்கள். அங்கே அது அழகுக்காக அல்ல, கீற ஆரோக்கியமான தோல் இல்லாததால்.

பித்தப்பையில் பேர் வாங்கியவர் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து ஜாக் மாரெஸ்கோ. 2007 ஏப்ரல் 2 அன்று 30 வயதுப் பெண் ஒருவருக்கு, யோனியின் பின்சுவரில் திறந்து, வளையும் எண்டோஸ்கோப்பை மேலே கல்லீரல் வரை கொண்டுபோய்ப் பித்தப்பையை எடுத்தார். அந்தத் திட்டத்துக்கு எகிப்தியரின் அனுபிஸ் கடவுளின் பெயர், இறந்தவர் உடலைப் பதப்படுத்தும் கடவுள் அவர். (உயிரோடிருப்பவருக்குச் செய்யும் சிகிச்சைக்கு இந்தப் பெயரை எப்படித் தேர்ந்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.) இதே மாரெஸ்கோ 2001இல் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, ரோபோ மூலம் ஸ்ட்ராஸ்பூரில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை எடுத்தவர். அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஆபரேஷன் செய்பவருக்குத் தொப்புளைத் தாண்டுவது பெரிதாகத் தோன்றியிருக்காது. ஆனாலும் அவருக்கும் முழுசாகத் தாண்ட முடியவில்லை. வாயு ஏற்றவும் பையைத் தூக்கிப் பிடிக்கவும் 2 மில்லிமீட்டர் ஊசித்துளை ஒன்று தேவைப்பட்டது.

பிறகு ஜெர்மனியில் பல பெண்களுக்கு இந்த வழியில் செய்தார்கள். பெரும்பாலும் தொப்புளில் ஒரு சின்னத் துளையும் சேர்த்த கலப்பு முறைதான். மற்ற இடங்களில் இது பரவவில்லை. ஆண்களுக்கு இந்த வாசல் இல்லை. குழந்தை பெறும் வயதிலிருக்கும் பெண்களில் பலர் தயங்கினார்கள், அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இரைப்பை வழியாகப் போனால், போட்ட ஓட்டையைக் கசியாமல் மூட வேண்டும். வயிற்றுத் தோலில் அரை சென்டிமீட்டர் தழும்புக்குப் பயந்து நல்ல இரைப்பையில் ஓட்டை போடுவதா என்று கேட்டவர்களுக்கு யாரிடமும் சரியான பதில் இல்லை.

இப்போது நடைமுறையில் இருப்பவை மூன்று: வழக்கமான நாலு துளை, தொப்புளில் ஒரு துளை, அப்புறம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மெல்லிய கருவிகளால் செய்யும் நாலு துளை. மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் விளம்பரம் செய்வதில்லை. எனக்கென்னவோ அதுதான் புத்திசாலித்தனமான சமரசமாகத் தெரிகிறது. கருவிகளின் கோணம் கெடுவதில்லை, அந்தப் பொடித் தழும்புகளும் கொசுக்கடி போல மங்கிவிடுகின்றன.

ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்கள் எத்தனை துளை என்று கேட்பதைவிட வேறு ஒன்றைக் கேட்கலாம்: “உள்ளே சரியா தெரியலைன்னா இன்னொரு துளை போடுவீங்களா? தேவைப்பட்டா திறந்து செய்வீங்களா?” தயங்காமல் ‘ஆமாம்’ என்கிற சர்ஜன்தான் வேண்டும். ஒரே துளையில் தொடங்கி, நடுவில் இரண்டாவது, மூன்றாவது போட நேர்ந்தால் அது தோல்வி இல்லை. ஒப்புதல் படிவத்தில் திறந்த அறுவைக்கு மாற்றலாம் என்ற வரியைப் பார்த்துப் பதறவும் வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலது தோளில் ஒரு வலி வரலாம். வயிற்றில் ஆபரேஷன், தோள் ஏன் வலிக்கிறது என்று அத்தை ராத்திரி முழுக்கக் கேட்டார். மிச்ச வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது. அதற்குப் போகும் நரம்பு கழுத்தில் கிளம்பும் இடத்தில்தான் தோளின் நரம்புகளும் இருப்பதால் மூளை இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறது. எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் போய்விடும். காய்ச்சல், கண் மஞ்சளாவது, வயிற்று வலி கூடிக்கொண்டே போவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் போய்விட வேண்டும், அது வாயு இல்லை. தொப்புளில் தையல் இருந்தால் ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும். குழியில் நீர் தங்கினால் புண் ஆற நாளாகும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்குவது சில வாரம் வேண்டாம். ஒரு துளைக்காரர்கள் இதில் இன்னும் கறாராக இருப்பது நல்லது.

போன பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போனபோது பேச்சு இதில் வந்து நின்றது. தழும்பைக் காட்டுகிறேன் என்று சேலையை ஒதுக்கி விரலால் தடவிப் பார்த்தார். நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலப்பக்கம் மங்கலாக இரண்டு. “நாலு போட்டாங்களே, இன்னொண்ணு எங்கப்பா?” என்றார். தொப்புளைக் காட்டினேன்.